சுவரில்லாத வீட்டின் வாசற்படி

மன்னாருக்குத் தெற்கே முசலிப் பக்கம் போக எந்த வழி நல்லது, எவ்வளவு செலவாகும், அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது என்று கேட்டு இந்தத் தளத்துக்கு அடிக்கடி எழுதுகிறீர்கள். தனித்தனியாகப் பதில் போடுவதைவிட, நான் முதன்முதலாகத் திரும்பிப் போன பயணத்தையே எழுதிவிடுகிறேன். போர் முடிந்து மூன்றாவது வருடம், சோளகக் காற்று மண்ணை வாரி அடிக்கும் ஆனி மாதம். விலைகள் எல்லாம் அன்றைய விலைகள். இன்றைக்கு மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள், சில இடங்களில் நாலால்.

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. சிலாவத்துறையிலிருந்து மறிச்சுக்கட்டிக்குப் போகும் பாதையில், கடல் பக்கமாக இருக்கிறது. அவ்வளவு போதும். பெயரைப் போட்டால் புதையல் தேடுகிறவர்கள் இரவோடு இரவாக மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள்.

ஊர் ஏக்கத்தில் போனேன் என்று சொன்னால் பொய். கடை போடப் போனேன். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது எனக்குப் பத்தொன்பது வயது. புத்தளத்தில் அகதி முகாம் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு சைக்கிளில் கருவாடு விற்றேன். பிறகு பழைய இரும்பு, பிறகு ஆணியும் வலையும், இப்போது சொந்தமாக ஒரு ஹாட்வெயார் கடை. சனம் ஊருக்குத் திரும்புகிறது என்றால் அதற்குத் தகரம் வேண்டும், சீமெந்து வேண்டும், கதவுக்குப் பிணைச்சல் வேண்டும். எங்கள் வாப்பா வீட்டு விறாந்தையில் கடை வைத்திருந்த அதே வளவில் நான் ஒரு கிளை போட்டால் எப்படி இருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து பள்ளிவாசல் நிர்வாகத்தார் தொலைபேசி எடுத்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து தொல்லியல் ஆட்கள் வந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பு நடக்கும் மாதங்களில் கரையில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு பட்டணமே எழும்புமாம், முடிந்ததும் பிரித்துக்கொண்டு போய்விடுவார்களாம். அந்தப் பட்டணத்தின் கடைத்தெரு எங்கள் வளவுக்குக் கீழே இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். முத்துக்குளித்தவர்களின் வழி வந்த சனம் சம்மதித்து, கூட நின்று வேலை செய்தால்தான் மண்வெட்டி வைப்போம் என்கிறார்கள். என்ன சொல்கிறாய்? நான் சொன்னேன், “தோண்டட்டும். றோட்டுப் பக்கம் மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கோ.” பேச்சு அதோடு முடிந்தது. அந்தத் தொலைபேசியில் நானும் நிர்வாகத்தாரும் சேர்ந்து விட்ட பிழையைப் பிறகு சொல்கிறேன்.

வழியைச் சொல்லிவிடுகிறேன். புத்தளத்திலிருந்து காலை ஐந்தே காலுக்கு அனுராதபுரம் பஸ். எழுபத்தைந்து கிலோமீற்றர், தொண்ணூற்றைந்து ரூபாய். அங்கே மன்னார் பஸ்ஸுக்கு மாற வேண்டும், அது மதவாச்சியால் சுற்றி வரும். முருங்கனில் இறங்க நூற்று முப்பது ரூபாய். வரைபடத்தைப் பார்க்கிறவர்கள் இதென்ன வீண் சுற்று, புத்தளத்திலிருந்து கரையோரமாக நேரே வடக்கே போகலாமே என்பார்கள். போகலாம்தான். அந்தப் பாதை வில்பத்துக் காட்டுக்குள்ளால் போகிறது. சில காலம் திறந்திருக்கும், சில காலம் மூடியிருக்கும். விசாரிக்காமல் கிளம்பாதீர்கள்.

முருங்கனில் சாப்பிட்டுவிடுங்கள். அதற்கு அப்பால் அன்றைக்குக் கடை கிடையாது. சந்தியில் நெல் மூட்டை ஏற்றுகிற இடத்துக்கு எதிரே புட்டும் மீன் குழம்பும் எழுபது ரூபாய்க்குக் கிடைத்தது. வெளியே வந்ததும் ஓட்டோக்காரர் ஒருவர் என் பையை வாங்கிக்கொண்டார்.

“எங்க போகணும் ஹாஜியார்?”

நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. தொப்பியும் கொஞ்சம் தொப்பையும் இருந்தால் இந்தப் பக்கம் எல்லோரும் ஹாஜியார்தான். இடத்தைச் சொன்னேன். முப்பத்தெட்டுக் கிலோமீற்றருக்கு இரண்டாயிரத்து இருநூறு கேட்டார், ஆயிரத்து எண்ணூறுக்கு முடித்தேன். பெயர் அந்தோனி, முப்பது வயது இருக்கும். சிறுவயதில் தமிழ்நாட்டு முகாமுக்குப் போய், அங்கேயே வளர்ந்து, திரும்பி வந்து இரண்டு வருடம்.

“நாக்கு இன்னும் திரும்பேல்ல ஹாஜியார். அங்க இருக்கேக்க ‘சிலோன்காரன்’ எண்டாங்க. இங்க வந்தா ‘இந்தியாக்காரன்’ எண்டுறாங்கள். நடுக்கடல்ல வீடு கட்டினாத்தான் சரிவரும் போல.”

அருவியாற்றைக் கடக்கும்போது, “நீங்க அந்தக் கிடங்கு வெட்டுற இடத்துக்கே போறீங்கள்?” என்று கேட்டார்.

“ஓம்.”

“முத்து எடுக்கினமாமே?”

“சிப்பி எடுக்கினமாம்.”

“சிப்பியா? அது எங்கட வீட்டுக் கோடிக்குள்ளயே கிடக்கே! எங்கட கோயிலுக்கும் வந்து கேட்டவை. பூசை முடிய ஃபாதர் அறிவிச்சவர், முத்துக்குளிச்ச ஆக்களின்ர வழியில வந்தவை எல்லாரும் போய்ப் பாருங்கோ எண்டு. எங்கட பூட்டன் கால்ல கல்லக் கட்டிக்கொண்டு இறங்கினவராம். எனக்குக் கிணத்தில இறங்கவே நடுக்கம்.”

சிலாவத்துறை தாண்டியதும் தார் முடிந்தது. இரண்டு பக்கமும் உடைமுள்ளும் பாலை மரமும். மண்டையோடு போட்ட கண்ணிவெடிப் பலகைகள் இன்னும் சில இடங்களில் நின்றன. அந்தோனி ஓரிடத்தில் நிறுத்தி, பாதையோரமாகவே எட்டி, பாலைப்பழம் கொஞ்சம் பறித்து என் கையில் போட்டார். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு பாலைப்பழம். சின்ன மஞ்சள் பழம், தேன் போல இனிக்கும், ஆனால் பால் உதட்டில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதில் நான் அளவு தெரியாமல் தின்றுவிட்டு வாய் திறக்க முடியாமல் நிற்பேன். லாத்தா தேங்காயெண்ணெய் தொட்டு உதட்டைத் தேய்த்துவிடுவா, தேய்த்துக்கொண்டே தலையில் குட்டுவா. என் ஒரே சகோதரி, எனக்கு ஒன்பது வயது மூத்தவ. அவதான் எனக்கு முன்பே ஊருக்குத் திரும்பியிருந்தா. புருஷன், என் மச்சான், புத்தளத்தில் மௌத்தாகி அடக்கமான பிறகு, மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு, தனியாக வந்து பழைய வளவில் தகரக் கொட்டில் போட்டிருந்தா. நான் வருவதை நிர்வாகத்தார் சொல்லியிருக்க வேண்டும்.

ஓட்டோ நின்றதும் கொட்டில் வாசலில் இருந்து சத்தம் வந்தது. “வளவுக்காரர் வந்திட்டார்! எல்லாரும் எழும்பி நில்லுங்கோ!”

நிழலில் உட்கார்ந்திருந்த தொல்லியல் ஆட்கள் நாலைந்து பேர் நிஜமாகவே எழும்பிவிட்டார்கள்.

“லாத்தா, அஸ்ஸலாமு அலைக்கும்” என்றேன்.

“வஅலைக்கும் ஸலாம். ஆரைக் கேட்டுத் தோண்டச் சொன்னாய்?”

“நிர்வாகத்தார் கேட்டாங்க...”

“அவங்க ஆரைக் கேட்கோணும்? உனக்கு வாப்பா தந்தது சைக்கிள். எனக்குத் தந்தது வளவு. மறந்திட்டியா?”

இதுதான் அந்தப் பிழை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. கல்யாணத்தின்போது எழுதிக் கொடுத்துவிடுவார்கள், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ஊரில் ஒரு வளவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் வீட்டுக்காரியிடம்தான் பேச வேண்டும். இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் புத்தளத்தில் இருபத்திரண்டு வருடம் எங்களிடம் கொடுப்பதற்கு வளவும் இல்லை, வீடும் இல்லை. கொடுக்க இல்லாத பழக்கம் நினைவிலிருந்தும் போய்விட்டது. நிர்வாகத்தார் ஆம்பிளைகள், ஆம்பிளையைத் தேடி எடுத்துக் கேட்டார்கள். நானும் என் சொத்து போலப் பதில் சொல்லிவிட்டேன். வளவுக்காரி அங்கேயே, தொலைபேசி எடுத்தவர்களிடமிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறா.

தொல்லியல் குழுவுக்குப் பொறுப்பானவர் சிவரூபன் சேர். ஒல்லியான மனிதர், வெயிலில் கறுத்து, தலையில் துவாய் கட்டியிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அவர் எனக்கு முன்பே வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். “முதல் நாளே அக்கா எங்களை மண்வெட்டியோட திருப்பி அனுப்பிட்டா” என்றார். “பிறகு வந்து முறையாக் கேட்டனாங்கள். மேலாலை பற்றையை மட்டும் துப்புரவாக்கலாம், கையாலை மட்டும், எண்டு விட்டவ.”

“அக்கா இல்ல, லாத்தா எண்டு கூப்பிடுங்கோ” என்றா லாத்தா. “எங்கட ஊரில இருக்கிற வரைக்கும்.”

முள்ளும் பற்றையுமாக மூடியிருந்ததைத் துப்புரவாக்கியதில்தான் அது வந்தது. ஒரு சாண் மணலுக்குக் கீழே, வெள்ளையாக, எங்கள் வீட்டு நிலம். சிப்பி சுட்டு எடுத்த சுண்ணாம்பும் மணலும் கலந்து இடித்துப் போட்ட தரை. மண்சுவர் கரைந்து இரண்டு பக்கமும் வரம்பு மாதிரிக் கிடந்தது. முன்னறை, உள்ளறை, முன்னால் விறாந்தை, பின்னால் அடுப்படிக்கு, குசினிக்குப் போகிற வழி எல்லாம் தரையில் கோடு போட்டது போலத் தெரிந்தன. வாசலில் நீளமான ஒரே கல், படி. அதன் ஒரு மூலையில் சதுரக் குழி. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், கோழி வந்து குடிக்கும். வேறு ஏதோ பழைய கட்டடத்துக்காகக் கொத்திய கல் அது என்று சேர் சொன்னார்.

“எங்கட வாப்பா வண்டில்ல ஏத்திக்கொண்டு வந்து போட்டவர். அதுக்கு முந்தி எங்க கிடந்தா எனக்கென்ன?” என்றா லாத்தா. சேர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லாத்தாவுக்கு அந்த நிலம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், வீட்டுத் திட்டத்தில் பெயர் பதிய ஒரு அரசாங்கக் கந்தோர் அனுமதி தர வேண்டும். அவர்களுடைய வரைபடத்தில் எங்கள் வளவு காடு. இருபத்திரண்டு வருடம் ஆளில்லாத இடத்தில் காடு வளராமல் வேறென்ன வளரும்? காணி உறுதிப் பத்திரம் வாப்பாவின் அலுமாரிக்குள் இருந்தது, அலுமாரி போன இடம் தெரியாது. கந்தோரிலிருந்து ஒரு சிங்கள அதிகாரி, எங்களுக்கு மாத்தயா, இரண்டு தடவை வந்து, பாலை மரத்தடியில் நின்று பார்த்துவிட்டு, இங்கே வீடு இருந்ததற்கு அடையாளம் இல்லையே என்று போய்விட்டார். இப்போது அடையாளம் வந்திருக்கிறது. அவர் மூன்றாம் தடவை வருவதாகச் சொல்லியிருந்தார்.

சேருக்கு வேண்டியதோ அந்த நிலத்துக்குக் கீழே இருந்தது. லாத்தாவிடம் தனியாகக் கேட்டு, சுவருக்கு வெளியே சின்னதாக ஒரு கிடங்கு வெட்டியதில், இடுப்பளவு ஆழத்தில், முத்துச்சிப்பி தட்டுத் தட்டாகக் கிடந்தது. அந்தத் தட்டு எங்கள் வீட்டுக்குக் கீழேதான் போகிறது. அதைப் பார்க்க நிலத்தை உடைக்க வேண்டும். உடைத்தால் நிலம் போய்விடும். அன்று மாலை கொட்டில் வாசலில் சாயம், பால் விடாத தேநீர், குடித்துக்கொண்டே பேசினார்கள்.

“லாத்தா, ஒரு அங்குலம் விடாமல் அளந்து, கீறி, படமெடுத்து வைப்பம். உங்கட வீடு கடதாசியில பத்திரமா இருக்கும். கந்தோருக்கு நானே கொண்டுபோய்க் காட்டுறன்.”

“கடதாசியில இருக்கிற வீட்டில படுக்க ஏலுமா சேர்?”

சேர் குடித்த கோப்பையைக் கீழே வைத்தார்.

“என்ர உம்மாவும் வாப்பாவும் எனக்கு வீடு தந்து கட்டிக்கொடுத்தவங்க. நான் என்ர புள்ளைக்கு வாடகை அறையில வச்சுக் கலியாணம் செய்து குடுத்தனான். மருமகன் நல்ல புள்ளை, ஒண்டும் சொல்லேல்ல. ஆனா அவன் வாடகை குடுக்கிற ஒவ்வொரு மாசமும் எனக்கு நெஞ்சுக்குள்ள குத்தும். இந்தத் தரையை விட்டா எனக்கிட்ட வேற சாட்சி இல்ல.”

நான் நடுவில் புகுந்தேன். வியாபாரி அல்லவா, இரண்டு பக்கத்துக்கும் லாபமான ஒரு வழி இருக்கும் என்று நினைத்தேன். கடைத்தெரு கண்டுபிடிக்கப்பட்டால் இந்த இடத்துக்கு மதிப்பு வரும், ஆட்கள் பார்க்க வருவார்கள், விறாந்தை இருந்த இடத்தில் ஒரு கடை இருந்தால் எல்லோருக்கும் நல்லது, என்று தொடங்கினேன்.

“கடை வேணுமெண்டா றோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் போடு” என்றா லாத்தா. “இது என்ர புள்ளைக்கு.”

அந்தோனி அன்றைக்குத் திரும்பிப் போகாமல், கிடங்கு பார்க்கவென்று நின்றுவிட்டிருந்தார். “ஹாஜியார், என்னட்டக் குறைச்ச நானூறு ரூபாயை இங்க விட்டிட்டியள்” என்று சிரித்தார்.

பிறகு லாத்தா எழும்பிப் போய், இருட்டுவதற்குள் முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் நின்று, காலால் மணலில் ஒரு கோடு இழுத்தா.

“இதுக்கு இங்கால முன்னறை, விறாந்தை, படி. இதில ஆரும் கை வைக்கப்படாது. அங்கால உள்ளறை. அதை வெட்டுங்கோ. என்ன இருந்தாலும் எங்கட முன்னோர்ட சாமான், எனக்கும் பார்க்க ஆசை இருக்கு. ஆனா வெட்டின மண்ணை அதே குழியில போட்டு இடிச்சுத் தரோணும். அதில நான் குசினி கட்டுவன்.”

“சரி லாத்தா.”

“இன்னொண்டு. பின்னேரம் பாயில வச்சுக் காட்டுறியளே, அதை மஃரிபு நேரத்தில செய்யாதீங்கோ. பொம்பிளையள் அப்ப எப்படி வாறது? அஸருக்குப் பிறகு செய்யுங்கோ.”

அந்தக் குழுவின் பழக்கம் ஒன்று இருந்தது. அன்றன்று எடுத்தவற்றை ஒரு பன்பாயில் பரப்பி வைப்பார்கள். ஊர்ச்சனம் வந்து பார்த்து, தொட்டு, தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லும்வரை எதற்கும் பெயரெழுதி ஒட்டமாட்டார்கள். சேர் அதைப் பெருமையாகச் செய்துவந்தார். ஆனால் பாய் விரித்த நேரம் பொழுது சாய்கிற மஃரிபு தொழுகை நேரம், வந்ததெல்லாம் தொழுதுவிட்டுத் திரும்பிய ஆம்பிளைகள். சேர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “இதை ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?” என்று கேட்டார். சொல்ல வேண்டியவர்கள் அந்த நேரம் அடுப்படியில் நின்றார்கள்.

மறுநாள் பின்னேரம் நாலு மணி போல, அஸர் தொழுகைக்குப் பிறகு, பாயைச் சுற்றி இடம் போதவில்லை. உள்ளறைக்குக் கீழே இருந்து சிப்பி மட்டுமல்ல, அடுப்புச் சாம்பல், உடைந்த சட்டி விளிம்புகள், கண்ணாடிப் போத்தல் கழுத்துகள், ஒரே மாதிரிச் சின்னக் கோப்பைகளின் துண்டுகள் வந்திருந்தன. சட்டி விளிம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்கள் சண்டையே போட்டார்கள். ஒருத்தி அது மீன் ஆணம் வைக்கிற சட்டி என்றாள், மற்றவள் இவ்வளவு அகல வாயில் யார் ஆணம் வைப்பார்கள், அது அரிசி களைகிற சட்டி என்றாள். சேர் இரண்டையும் மிகவும் சந்தோஷமாக எழுதினார். அந்தோனி சிலாவத்துறைக்குப் போய்த் தன் தாயையும் பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெரியம்மாவும் லாத்தாவும் யார் யாருடைய பாட்டன் எந்தப் படகில் என்று பேசத் தொடங்கி, படகுகளுக்கு முதலாளியான ஒரே சம்மாட்டியின் பெயரில் போய் நின்றார்கள். இரண்டு பேரும் அந்தச் சம்மாட்டியைத் திட்டினார்கள். நூறு வருடத்துக்கு முன் செத்த மனிதர், பாவம்.

சின்னக் கோப்பைகள் ஏன் இத்தனை என்று சேர் யோசித்துக்கொண்டிருந்தார். குடிக்க ஏதோ விற்றிருக்க வேண்டும், ஒருவேளை சாயக்கடையாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எங்கள் வாப்பா அந்த இடத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம், பாதை அங்கே வளைகிறது, வண்டில் மெதுவாகும், மெதுவாகிறவன் இறங்குவான். அவருக்கு முன்பும் ஒருவன் அதே கணக்கைப் போட்டிருக்கிறான். அவன் பெயர் தெரியாது, சாதி தெரியாது, மதம் தெரியாது. ஆனால் என் தொழில்காரன்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு விறாந்தையில் நின்றேன். நிலத்தில் ஒரு மூலையில் வட்டமாகக் கறை, பெரிய தட்டு அளவு. வாப்பாவின் மண்ணெண்ணெய்ப் பீப்பாய் நின்ற இடம். அவர் பெற்றோல்மக்ஸ் ஏற்றிவிட்டு, அதன் வெளிச்சத்தில் அளந்து ஊற்றுவார். புனல் வழியே போகிற சத்தத்தை வைத்தே போத்தல் நிரம்பியதைச் சொல்லுவார். நான் குனிந்து அந்தக் கறையை மணந்து பார்த்தேன். வெறும் மண் மணம்தான். இருந்தாலும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தேன். லாத்தா கொட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். “சாப்பிட வா” என்று மட்டும் கூப்பிட்டா. அன்றைக்கு முரல் மீன் ஆணம், குரலில் கோபம் இல்லை.

நாலாம் நாள் காலை மாத்தயா வந்தார். ஜீப்பை றோட்டில் விட்டுவிட்டு, வழக்கம்போல் பாலை மரத்தடிக்கு நடந்தார். கையில் கோப்பு, காலில் நாடா கட்டிய கறுப்புச் சப்பாத்து. நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார், தமிழ் கொஞ்சம் தட்டுத் தடுமாறிப் பேசினார். சேர் கீறிய படங்களை விரிக்க எழும்பினார். நான் பேசத் தொண்டையைச் செருமினேன். லாத்தா இரண்டு பேரையும் கையால் அமர்த்திவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முன்னறை நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுபோய் வைத்தா.

“மாத்தயா, ஏன் வெயிலில நிக்கிறீங்கள்? வீட்டுக்குள்ள வாங்கோ.”

அவர் திரும்பிப் பார்த்தார். சுவர் இல்லை, கூரை இல்லை. வெள்ளை நிலம், அதன் நடுவில் சிவப்புக் கதிரை. எந்தப் பக்கத்தாலும் ஏறி வரலாம், வரம்பு கணுக்கால் உயரம்தான். அவர் ஒரு பக்கத்தால் காலெடுத்து வைக்கப் போனார்.

“அதால இல்ல மாத்தயா. அது சுவர். வாசல் இங்க.”

அவர் காலை எடுத்துக்கொண்டு, சுற்றி வந்து, படிக்கல்லின் முன்னால் நின்றார். கல்லைப் பார்த்தார். தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்த கல். பிறகு கோப்பினை அன்றைக்கும் வந்திருந்த அந்தோனியிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, ஒரு சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தார். மற்றதையும் அவிழ்த்தார். நாடா இறுகியிருந்தது, நேரம் எடுத்தது. இரண்டு சப்பாத்தையும் படிக்குக் கீழே சோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

லாத்தா இஞ்சிச் சாயம் கொடுத்தா. அவர் குடித்துவிட்டு, “குசினி எந்தப் பக்கம்?” என்று கேட்டார். லாத்தா கையைக் காட்டினா. அவர் எழுதிக்கொண்டார்.

அனுமதி உடனே வரவில்லை. அது அப்படித்தான். ஆனால் வந்தது. இன்றைக்கு அங்கே வீடு இருக்கிறது, மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். முன்னறையில் பழைய சுண்ணாம்பு நிலம் அப்படியே, உள்ளே புதுச் சீமெந்து. சீமெந்து என் கடையிலிருந்துதான் போனது. என்ன விலைக்குப் போனது என்று கேட்காதீர்கள், லாத்தாவோடு பேரம் பேச எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. உள்ளறை இருந்த குழியில் அதே மண்ணைப் போட்டு இடித்து, அதன்மேல் குசினி. சேர் வருடத்துக்கு ஒருமுறையாவது வந்து அந்தக் குசினியில் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். என் கடை றோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, வியாபாரம் பரவாயில்லை. வாப்பா சொன்ன வளைவில் இல்லாததால் வாகனங்கள் கொஞ்சம் வேகமாகத்தான் போகின்றன.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வைகாசியிலிருந்து ஆவணி வரை வெயிலும் காற்றும் கடுமை, ஆனால் பாலைப்பழம் ஆனியில்தான், அதற்காகப் போகலாம். குடிதண்ணீரை முருங்கனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டோவைத் திரும்பி வரவும் சேர்த்துப் பேசிவிடுங்கள். மறிச்சுக்கட்டிப் பக்கம் மாலைக்குப் பிறகு பாதையில் யானை நிற்கும், நாலரைக்கே கிளம்பிவிட வேண்டும். மன்னார்ப் பக்கம் ஒருநாள் கூடுதலாக வைத்திருந்தால் திருக்கேதீஸ்வரத்தையும் பாருங்கள். கடற்கரையில் சிப்பி, ஓட்டுத்துண்டு எது கிடந்தாலும் பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தப் பக்கத்து ஊர்களில் பற்றைக்குள் சில இடங்களில் வெறும் வீட்டுத் தரை மட்டும் தெரியும். சுவர் இருக்காது, ஆளும் இருக்கமாட்டார்கள். படம் எடுக்க ஆசையாக இருக்கும். எடுங்கள். அதற்கு முதல் சுற்றி நடந்து வாசற்படியைத் தேடிப் பிடித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அதால் உள்ளே போங்கள்.